டோஸ்ட்மாஸ்டர்ஸ் மன்றம்: பேசப் பழக்குகிறது, கேட்கப் பழக்குகிறதா?

மேடை ஏறினால் நா வறண்டுபோகிறது என்றும், அலுவலகக் கூட்டத்தில் சொல்ல நினைத்ததைச் சொல்லி முடிப்பதற்குள் பேச்சு வேறு பக்கம் போய்விடுகிறது என்றும் வருந்துபவர்களுக்கு யாராவது ஒருவர் தவறாமல் சொல்லும் யோசனை, டோஸ்ட்மாஸ்டர்ஸில் சேர்ந்து பாருங்கள் என்பது. சென்னை, கொழும்பு, சிங்கப்பூர், துபாய் என்று தமிழர்கள் வேலை பார்க்கும் பெருநகரங்களில் எல்லாம் இந்த மன்றங்கள் இருக்கின்றன. ஆங்கிலத்தில் நடப்பவைதாம் மிகுதி என்றாலும் தமிழிலேயே நடப்பவையும் உண்டு. ஒரு மன்றத்தில் உறுப்பினராக இருந்து, வேறு சில மன்றங்களுக்கு விருந்தினராகவும் போய்வந்தவன் என்ற முறையில், கட்டணம் கட்டிச் சேர நினைப்பவருக்கு இங்கே என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதை எழுதுகிறேன். முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். பேச்சுப் பயிற்சிக்கென்று அறியப்பட்ட இந்த அமைப்பில் பேச்சைவிடச் சிறப்பாகக் கற்றுத்தரப்படுவது ஒருவகைக் கேட்டல். ஆனால் அந்தக் கேட்டல் முழுக்க மேடையைப் பார்த்தே அமைந்திருப்பதால், வீட்டிலும் அலுவலகத்திலும் நமக்குத் தேவைப்படும் இன்னொரு வகைக் கேட்டலை இங்கே எதிர்பார்த்து வருபவர் பாதி வயிற்றோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

அமைப்பின் வரலாற்றைச் சுருக்கமாகச் சொன்னால் போதும். அமெரிக்காவில் ஒய்.எம்.சி.ஏ. என்ற கிறிஸ்தவ இளைஞர் சங்கத்தில் கல்விப் பொறுப்பு வகித்த ரால்ஃப் ஸ்மெட்லி, அங்கு வந்துபோகும் இளைஞர்களுக்கு நாலு பேர் முன்னால் பேசவும் ஒரு கூட்டத்தை ஒழுங்காக நடத்தவும் தெரியவில்லை என்பதைக் கவனித்து, இல்லினாய் மாநிலத்தின் புளூமிங்டன் நகரில் 1905 வாக்கில் முதல் முயற்சியைத் தொடங்கினார். அவர் ஊர் மாறியதும் அது நிலைக்கவில்லை. 1924 அக்டோபர் 22 அன்று கலிஃபோர்னியாவின் சான்டா அனா நகரத்து ஒய்.எம்.சி.ஏ.வில் கூடிய மன்றம்தான் இன்றுள்ள அமைப்புக்கு முதல் மன்றமாகக் கருதப்படுகிறது. 1932இல் அது இலாப நோக்கற்ற நிறுவனமாகப் பதிவாயிற்று. பேச்சுப் பயிற்சிக்கென்றே இருக்கும் ஓர் அமைப்பு 1973 வரை பெண்களை உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளவில்லை என்பதையும் போகிற போக்கில் குறித்துவைக்க வேண்டும். இன்று தலைமையகம் கொலராடோ மாநிலத்தில் இருக்கிறது.

சேர நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது, இங்கே ஆசிரியர் என்று ஒருவர் கிடையாது என்பதுதான். கட்டணம் வாங்கிக்கொண்டு பாடம் நடத்தும் பேச்சுப் பயிற்சி நிலையங்களோடு இதை ஒப்பிட்டு ஏமாறுபவர்கள் பலர். ஒன்று முதல் இரண்டு மணி நேரம் வரை நடக்கும் கூட்டத்தில் உறுப்பினர்களே பொறுப்புகளைப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவர் கூட்டத்தை நடத்துகிறார், சிலர் ஆயத்தம் செய்துவந்த உரையை ஆற்றுகிறார்கள், ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார், ஒருவர் மொழியைக் கவனிக்கிறார், ஒருவர் தடுமாற்ற ஒலிகளை எண்ணுகிறார், ஒவ்வோர் உரைக்கும் ஒரு மதிப்பீட்டாளர் இருக்கிறார், இவர்கள் எல்லாரையும் சேர்த்துக் கூட்டத்தையே மதிப்பிடுகிற பொது மதிப்பீட்டாளர் கடைசியில் வருகிறார். அடுத்த கூட்டத்தில் பொறுப்புகள் கைமாறும். இப்படி எண்ணிப் பார்த்தால், உரையாற்றுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். மற்றவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைக்கும் வேலை ஏதோ ஒரு காரணத்துக்காகக் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது.

கடிகாரத்திலிருந்து தொடங்குகிறேன், ஏனெனில் தமிழர்களுக்கு அதுதான் முதல் அதிர்ச்சி. தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் முதல் உரைக்கு நான்கு முதல் ஆறு நிமிடம், பின்னால் வரும் பெரும்பாலான உரைகளுக்கு ஐந்து முதல் ஏழு நிமிடம். ஏழு நிமிட உரையென்றால் ஐந்தாவது நிமிடத்தில் பச்சை விளக்கோ பச்சை அட்டையோ காட்டப்படும், ஆறில் மஞ்சள், ஏழில் சிவப்பு. போட்டிகளில் அரை நிமிடம் வரை சலுகை உண்டு, அதைத் தாண்டினால் எத்தனை அழகாகப் பேசியிருந்தாலும் தகுதி இழப்புதான். நம் மேடைகளில் வளர்ந்த ஒருவர் இந்த ஏழு நிமிடத்தை எப்படிச் செலவழிப்பார் என்று யோசித்துப் பாருங்கள். விழாத் தலைவர் அவர்களே, முன்னிலை வகிக்கும் பெரியோர் அவர்களே, வரவேற்புரை ஆற்றி அமர்ந்திருக்கும் நண்பர் அவர்களே என்று தொடங்கி, தாய்மார்களையும் பெரியோர்களையும் இளைஞர்களையும் வணங்கி, நேரத்தின் அருமை கருதிச் சுருக்கமாக முடிக்கிறேன் என்று உறுதியளித்து முடிப்பதற்குள் பச்சை விளக்கு எரிந்துவிடும். ஒரு கருத்தை மட்டும் எடுத்துக்கொள், அதற்கு வேண்டாததை எல்லாம் வெட்டு என்று எந்த ஆசிரியர் சொன்னாலும் ஏறாத பாடத்தை அந்த விளக்கு ஏற்றிவிடுகிறது. அவையோரின் நேரம் நம்முடையதல்ல என்ற மரியாதையும் அதில் அடங்கியிருக்கிறது. இந்த ஒரு பழக்கத்துக்காகவே இவ்வமைப்பின் பயிற்சியை நம் ஊர்த் திருமண வரவேற்புகளிலும் பள்ளி ஆண்டு விழாக்களிலும் ஒலிவாங்கி பிடிக்கும் ஒவ்வொருவருக்கும் நான் பரிந்துரைப்பேன்.

டேபிள் டாபிக்ஸ் என்ற உடனடிப் பேச்சுப் பகுதி பலருக்குப் பிடித்தது. முன்கூட்டித் தெரியாத ஒரு கேள்வி கேட்கப்படும். எழுந்து ஒன்று முதல் இரண்டு நிமிடம் பேச வேண்டும். நேர்முகத் தேர்வுக்குத் தயாராகிறவர்களுக்கு இதைவிடப் பொருத்தமான பயிற்சி இல்லை. ஒரு நிலைப்பாட்டை எடுத்து, ஒரு காரணம் சொல்லி, ஓர் எடுத்துக்காட்டோடு முடிக்கும் பழக்கம் சில மாதங்களில் படிந்துவிடுகிறது. தமிழில் நடக்கும் மன்றங்களில் இந்தப் பகுதிக்குக் கூடுதலாக ஒரு சுவை உண்டு. எழுதி மனப்பாடம் செய்துவரும் உரையில் எழுத்துத் தமிழ் கடைசி வரை தாக்குப்பிடிக்கும். திடீர்க் கேள்விக்குப் பதில் சொல்ல எழுந்தவரோ ‘நான் கருதுகிறேன்’ என்று தொடங்கி அரை நிமிடத்தில் ‘நான் என்ன நெனைக்கிறேன்னா’ என்பதில் வந்து நிற்பார், அந்த இடத்தில்தான் அவர் முகமும் கைகளும் உயிர்பெறும். இந்த இரண்டு தமிழுக்கும் நடுவே கேட்பவருக்குச் செயற்கையாகத் தோன்றாத ஒரு மேடைத் தமிழைத் தனக்கென்று ஒவ்வொருவரும் கண்டுபிடித்தாக வேண்டும். ஆங்கில மன்றத்தில் சேர்பவருக்கு இந்தச் சிக்கலும் கிடையாது, அதைத் தீர்க்கும்போது வரும் நிறைவும் கிடையாது. ஆங்கிலத்தில் பேசத் தயங்குபவர் ஆங்கில மன்றத்தைத் தேடுவது இயல்பு, ஆனால் தயக்கம் மொழியில் இல்லாமல் அவையில் இருக்கிறது என்றால் தமிழ் மன்றத்தில் தொடங்குவதே நல்லது என்பது என் எண்ணம்.

தடுமாற்ற ஒலிகளை எண்ணும் வேலையை ‘ஆ கவுன்டர்’ என்கிறார்கள். ஆங்கிலத்தில் அவர் ‘ஆ’, ‘அம்’, ‘யூ நோ’, ‘சோ’ என்பவற்றை எண்ணுவார். தமிழில் அவருடைய தாள் வேறு விதமாக நிரம்பும். ‘வந்து’, ‘அதாவது’, ‘என்னன்னா’, ‘பாத்தீங்கன்னா’, ‘அப்புறம்’ என்பவற்றோடு ஆங்கிலத்திலிருந்து குடியேறிய ‘ஆக்சுவலி’, ‘பேசிக்கலி’ ஆகியவையும் சேர்ந்துகொள்ளும். கூட்டத்தின் முடிவில் ஒவ்வொருவர் பெயரையும் சொல்லி எண்ணிக்கையைப் படிக்கும்போது, தான் அத்தனை முறை ‘வந்து’ சொன்னோமா என்று நம்ப மறுக்காதவர் குறைவு. நம் பேச்சை நாமே கேட்பதில்லை என்பதற்கு அதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. எண்ணிக்கை குறைவதும் விரைவாகவே நடக்கிறது, ஏனெனில் அந்த ஒலி வரும் இடத்தில் ஒரு விநாடி வாயை மூடிக்கொண்டிருக்கலாம் என்பதும், அந்த அமைதி பேசுபவருக்குத்தான் நீளமாகத் தெரியும், கேட்பவருக்கு மூச்சுவிடும் இடமாகத்தான் தெரியும் என்பதும் இரண்டு மூன்று கூட்டங்களில் புரிந்துவிடும்.

இதற்கு ஒரு வரம்பும் வேண்டும். உரையாடலில் தடுமாற்ற ஒலிகள் வெறும் குப்பை அல்ல. நான் இன்னும் முடிக்கவில்லை, சொல்லைத் தேடுகிறேன், சற்றுப் பொறுங்கள் என்று எதிரிலிருப்பவருக்கு அவை தெரிவிக்கின்றன. ஒருவர் தன் துயரத்தைச் சொல்லும்போது வரும் ‘அது வந்து...’ என்ற தயக்கத்தைக் களைந்துவிட்டால் சொன்னதில் பாதி போய்விடும். மேடைக்கு உரிய இந்த அளவுகோலைச் சாப்பாட்டு மேசைக்கும் கொண்டுபோய் வீட்டாரின் ‘அதாவது’க்களை எண்ணத் தொடங்கும் புது உறுப்பினர்கள் உண்டு, அவர்கள் வீட்டில் இந்த அமைப்புக்கு நல்ல பெயர் இருக்காது.

இனி மதிப்பீடு. இந்த அமைப்பு தரும் சேவையில் காசுக்கு மேல் பெறுமதியுள்ள பகுதி இதுதான். உரைக்கு முன்பே மதிப்பீட்டாளர் உரையாற்றுபவரைச் சந்தித்து, இந்த உரையின் நோக்கம் என்ன, எதைக் குறிப்பாகக் கவனிக்க வேண்டும் என்று கேட்டுக்கொள்ள வேண்டும். உரை முடிந்ததும், கூட்டத்தின் பிற்பகுதியில், இரண்டு முதல் மூன்று நிமிடத்துக்குள் எது நன்றாக அமைந்தது, எதை மாற்றலாம், எப்படி மாற்றலாம் என்பதை அவை முன்னிலையில் சொல்ல வேண்டும். அவருக்கும் பச்சை, மஞ்சள், சிவப்பு விளக்குகள் உண்டு. ‘நன்றாக இருந்தது’ என்று சொல்லிவிட்டு உட்கார முடியாது, எந்த வாக்கியம், எந்த இடத்தில் குரல் தாழ்ந்தது, எந்தக் கதை நீண்டது, எந்த நேரத்தில் கண் கூரையைப் பார்த்தது என்று பிடித்துச் சொல்ல வேண்டும். அப்படிச் சொல்வதற்கு முதலில் கேட்டிருக்க வேண்டும்.

மினசோட்டா பல்கலைக்கழகத்தில் கேட்டல் குறித்து ஆராய்ந்தவர்களில் முன்னோடியான ரால்ஃப் நிக்கோல்ஸ் 1950களில் சுட்டிக்காட்டிய ஒரு விஷயம் இங்கே பொருந்தும். சராசரி அமெரிக்கர் நிமிடத்துக்குச் சுமார் 125 சொற்கள் பேசுகிறார், கேட்பவரின் மனமோ அதைவிடப் பல மடங்கு விரைவாக ஓடக்கூடியது. அந்த மிச்ச வேகத்தை வைத்துக்கொண்டு நாம் மதிய உணவைப் பற்றியும், அடுத்து என்ன பதில் சொல்லலாம் என்பதைப் பற்றியும் யோசிக்கிறோம். நல்ல கேட்பவர் அந்த மிச்சத்தைச் சொல்லப்பட்டதை அசைபோடவும், இவர் எங்கே போகிறார் என்று ஊகிக்கவும், சான்று போதுமா என்று எடைபோடவும், சொல்லாமல் விட்டதைக் கவனிக்கவும் செலவழிக்கிறார் என்பது நிக்கோல்ஸின் கருத்து. மதிப்பீட்டாளர் பொறுப்பு இதைத்தான் வேறு வழியில்லாமல் செய்ய வைக்கிறது. கையில் தாள், எதிரில் ஒரு மனிதர், இன்னும் அரை மணி நேரத்தில் எழுந்து நின்று அவரைப் பற்றிப் பயனுள்ளதாக எதையாவது சொல்லியாக வேண்டும் என்ற நெருக்கடி. இந்த நிலையில் மனம் அலைபாய இடமில்லை. உரையாற்றக் கூச்சப்படும் உறுப்பினர்கள்கூட இப்பொறுப்பைச் சில முறை ஏற்றபின் அலுவலகக் கூட்டங்களில் யார் என்ன சொன்னார்கள் என்பதைத் துல்லியமாகத் திருப்பிச் சொல்பவர்களாக மாறுவதைப் பார்த்திருக்கிறேன்.

மதிப்பீட்டுக்கென்றே தனிப் போட்டியும் உண்டு. ஒருவர் உரையாற்றுவார், போட்டியாளர்கள் எல்லாரும் கேட்பார்கள். பிறகு அவர்கள் அறையை விட்டு வெளியேறிக் குறிப்பெழுத ஐந்து நிமிடம் பெறுவார்கள், நேரம் முடிந்ததும் தாள்கள் வாங்கி வைக்கப்படும், ஒவ்வொருவராக உள்ளே வந்து மூன்று நிமிடத்துக்குள் பேசுவார்கள். ஒரே உரையை ஐந்தாறு பேர் கேட்டு, ஒருவர் கவனித்ததை இன்னொருவர் கவனிக்காமலும், ஒருவர் பலம் என்றதை இன்னொருவர் பலவீனம் என்றும் சொல்வதை அடுத்தடுத்துக் கேட்பது, கேட்டல் என்பது எவ்வளவு தனிப்பட்ட செயல் என்பதைக் காட்டிவிடும். இவ்வமைப்பு நடத்தும் உலகப் பேச்சுப் போட்டிக்குக் கிடைக்கும் வெளிச்சம் இதற்குக் கிடைப்பதில்லை. 2014இல் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியில் இலங்கையரான தனஞ்செய ஹெட்டியாராச்சி வென்றதும், 2017இல் சிங்கப்பூரைச் சேர்ந்த மனோஜ் வாசுதேவன் வென்றதும் நம் பகுதியில் இந்த மன்றங்கள் மீதான ஆர்வத்துக்கு உரம் சேர்த்த நிகழ்வுகள். ஆனால் முடிந்தால் ஒரு மதிப்பீட்டுப் போட்டியைப் போய்ப் பாருங்கள் என்பேன்.

தமிழ்ச் சூழலில் மதிப்பீட்டுக்கு ஒரு தனித் தடை இருக்கிறது. வயதில் மூத்தவரை, பதவியில் உயர்ந்தவரை, அவை நடுவே நின்று ‘உங்கள் முடிவுரை பொருந்தவில்லை ஐயா’ என்று சொல்வதற்கு நம் வளர்ப்பு இடம் கொடுப்பதில்லை. அதனால் பாராட்டு, பரிந்துரை, மீண்டும் பாராட்டு என்ற அடுக்குமுறை மன்றங்களில் பரவலாகச் சொல்லித்தரப்படுகிறது. தொடக்கத்தில் இது உதவும். பின்னால் இதுவே சடங்காகிவிடும் ஆபத்து உண்டு. முதல் பாராட்டைக் கேட்கும்போதே உரையாற்றியவர் ‘ஆனால்’ எப்போது வரும் என்று காத்திருக்கத் தொடங்குகிறார், பாராட்டு காதில் விழுவதில்லை. கடைசிப் பாராட்டோ பரிந்துரையைத் துடைத்துவிடுகிறது. தேர்ந்த மதிப்பீட்டாளர்கள் இந்த அடுக்கை விட்டுவிட்டுத் தன் காதில் விழுந்ததை அப்படியே சொல்வார்கள். ‘உங்கள் தந்தை கடையை மூடிய நாளைச் சொன்னபோது அவை அசையாமல் இருந்தது. அதன் பிறகு சேமிப்பைப் பற்றிய புள்ளிவிவரத்துக்குப் போனீர்கள், அங்கே நான் உங்களைத் தவறவிட்டேன்’ என்பதுபோன்ற மதிப்பீட்டில் தீர்ப்பே இல்லை, மரியாதைக் குறைவும் இல்லை, திருத்திக்கொள்ள வேண்டியது மட்டும் தெளிவாக இருக்கிறது. இவ்வாறு பேசத் தெரிந்த ஒருவராவது இருக்கும் மன்றம் கிடைத்தால் விட்டுவிடக் கூடாது.

கேட்பவருக்கு மட்டுமல்ல, மதிப்பீட்டைப் பெறுபவருக்கும் இது பயிற்சி. பாத்வேஸ் என்ற இன்றைய பாடத்திட்டத்தின் முதல் நிலையிலேயே ஓர் உரையாற்றி, மதிப்பீட்டைப் பெற்று, அதன்படி திருத்தி மீண்டும் உரையாற்றி, பின்னர் தானே இன்னொருவரை மதிப்பிட வேண்டும் என்ற பணி வைக்கப்பட்டிருக்கிறது. முழுப் பாடத்திட்டத்திலும் எனக்குச் சிறந்ததாகத் தோன்றுவது இதுதான். குறையைச் சொல்லும்போது வாயைத் திறந்து விளக்கம் கொடுக்காமல் உட்கார்ந்து கேட்பது எத்தனை கடினம் என்பது அதைச் செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும்.

இத்தனை சொன்ன பிறகும், இங்கே கிடைக்கும் கேட்டல் ஒருவகைதான் என்று முன்பே எழுதியதை விளக்க வேண்டும். உரையாற்றியவர் எப்படிச் சொன்னார் என்பதைத்தான் மதிப்பீட்டாளர் முதன்மையாகக் கேட்கிறார், என்ன சொன்னார் என்பது அதற்குச் சரக்கு மட்டுமே. தாயின் மரணத்தைப் பற்றி ஒருவர் உரையாற்றினால், குரலின் ஏற்ற இறக்கம் குறித்துப் பேச வேண்டிய கட்டாயம் மதிப்பீட்டாளருக்கு இருக்கிறது. மேடைப் பயிற்சிக்கு அது சரி. ஆனால் மனைவி, மகன், உடன் பணிபுரிபவர், வாடிக்கையாளர் ஆகியோரிடம் நாம் கேட்கும்போது நம்மிடம் யாரும் மதிப்பீடு கேட்கவில்லை. சொல்வது புரிந்ததா, சொல்பவர் எந்த நிலையில் இருக்கிறார் என்பது தெரிந்ததா என்பதே அங்கு பொருட்டு. மன்றத்திலோ உரையாடல் என்ற ஒன்று ஏறக்குறைய இல்லவே இல்லை. ஒருவர் பேசி முடிப்பார், கைதட்டல், கைகுலுக்கல், அடுத்தவர். குறுக்கே ஒரு கேள்வி, புரியவில்லை என்று ஒரு முகம், ‘அப்படியா, பிறகு?’ என்று ஒரு தூண்டல் எதற்கும் கூட்ட நிரலில் இடம் மிகக் குறைவு.

பாடத்திட்டத்தில் ‘ஆக்டிவ் லிசனிங்’ (ஈடுபாட்டோடு கேட்டல்) என்ற பெயரிலேயே ஒரு பணி இருக்கிறது. அதைப் படித்தபோது எனக்குச் சற்றுச் சிரிப்பு வந்தது. உடனடிப் பேச்சுப் பகுதியை நடத்தும் பொறுப்பை ஏற்று, ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அவர் சொன்னதைக் குறித்து ஒரு கருத்துச் சொல்லித் தாம் கவனமாகக் கேட்டதைக் காட்ட வேண்டும் என்பதே அந்தப் பணி. கேட்டதற்குச் சான்று பேச்சு! முற்றிலும் தவறென்று சொல்ல மாட்டேன், சொன்னதைத் திருப்பிச் சொல்லும் பழக்கம் நல்லதுதான். ஆனால் இந்தச் சொல்லை 1957இல் வழக்குக்குக் கொண்டுவந்த உளவியலாளர்கள் கார்ல் ரோஜர்ஸும் ரிச்சர்ட் ஃபார்சனும் நினைத்தது இதைவிடக் கடினமான ஒன்று. ரோஜர்ஸ் முன்வைத்த சோதனை எளிமையானது போலத் தோன்றும். ஒரு விவாதத்தில் உன் கருத்தைச் சொல்வதற்கு முன், எதிரில் இருப்பவர் சொன்னதையும் அவர் உணர்வையும் அவரே ‘ஆமாம், அதைத்தான் சொன்னேன்’ என்று ஒப்புக்கொள்ளும் அளவுக்குத் திருப்பிச் சொல்ல வேண்டும். நண்பர்களோடு அரசியலோ கிரிக்கெட்டோ பேசும்போது இதைச் செய்து பாருங்கள், பேச்சின் வேகமும் குரலின் உயரமும் பாதியாகிவிடும். இந்தச் சோதனையில் தீர்ப்பு வழங்குபவர் பேசியவர், மன்றத்திலோ அவை. வேறுபாடு அங்கேதான் இருக்கிறது. இப்பணியை மன்றம் நடத்துபவர்கள் விரும்பினால் இப்படி மாற்றிக்கொள்ளத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை: பேசியவரிடமே ‘நான் சரியாகச் சொன்னேனா?’ என்று கேட்டுவிட்டால் போதும். சில மன்றங்கள் கூட்டத்தின் முடிவில் யார் என்ன சொன்னார்கள் என்று வினாக் கேட்பதற்கென ஒருவரை நியமிக்கின்றன. அது நினைவாற்றலைச் சோதிக்கிறது, கலகலப்பாகவும் இருக்கிறது, ஆனால் புரிதலைத் தொடுவதில்லை.

அந்த இன்னொரு வகைக் கேட்டல் எங்கே கற்றுத்தரப்படுகிறது என்று கேட்டால், எனக்குத் தோன்றும் இடம் தற்கொலைத் தடுப்புத் தொண்டு நிறுவனங்கள். 1953இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார் சமாரிட்டன்ஸ் அமைப்பைத் தொடங்கியபோது, ஆலோசனை கேட்டு வருபவர்களைத் தாமே சந்திப்பதாகத்தான் ஏற்பாடு. அவரைப் பார்க்கக் காத்திருந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுக்கொடுத்துக்கொண்டிருந்த தொண்டர்களிடமே பலர் மனத்தைக் கொட்டிவிட்டு, அவரைப் பார்க்கத் தேவையில்லை என்ற நிலைக்கு வந்ததை அவர் கவனித்தார். கேட்பதற்குப் பட்டம் வேண்டியதில்லை, அறிவுரை சொல்லாமலிருக்கும் பொறுமை வேண்டும் என்ற அந்தப் பாடத்தின் மீதுதான் அமைப்பு வளர்ந்தது. சென்னையில் மருத்துவர் லட்சுமி விஜயகுமார் 1986இல் தொடங்கிய சினேகா அமைப்பும் தொண்டர்களைக் கொண்டு இதே வழியில் செயல்படுகிறது. அங்கே பயிற்சி பெறுபவர் பழகிக்கொள்ள வேண்டியது தீர்வு சொல்லும் துடிப்பை அடக்குவது. டோஸ்ட்மாஸ்டர்ஸில் பழகுபவருக்கோ இரண்டு நிமிடத்தில் தீர்வு சொல்வதே வேலை. இரண்டும் பயனுள்ளவை, ஆனால் ஒன்றைக் கற்றவர் மற்றதும் தனக்கு வந்துவிட்டது என்று நினைத்துக்கொள்வதில்தான் சிக்கல். மேடையில் மின்னும் பேச்சாளர்கள் சிலரிடம் தனியே ஐந்து நிமிடம் பேசிப் பார்த்தால் இது விளங்கும். நீங்கள் சொல்வதைக் கேட்டுத் தலையசைத்துக்கொண்டே அடுத்த உரைக்கு உங்களையும் ஒரு கதையாக மாற்றிக்கொண்டிருப்பார்கள்.

நடைமுறைச் செய்திகள் சில. பதினெட்டு வயது நிறைந்தவர்கள் சேரலாம். 2023 அக்டோபரிலிருந்து தலைமையகத்துக்குச் செலுத்தும் கட்டணம் ஆறு மாதத்துக்கு 60 அமெரிக்க டாலராக உயர்ந்தது, அதற்கு முன் 45 டாலராக இருந்தது. புதிதாகச் சேர்பவர் ஒருமுறை 20 டாலர் கூடுதலாகக் கட்ட வேண்டும். மன்றங்கள் கூட்ட அரங்குக்கும் தேநீருக்கும் தனியே சிறு தொகை வாங்கலாம். நம் ஊர்ச் சம்பளத்துக்கு இது சிறிய தொகை அல்ல, குறிப்பாக மாணவர்களுக்கு. தனியார் பயிற்சி வகுப்புகளோடு ஒப்பிட்டால் மலிவு என்பதும் உண்மை. சில நிறுவனங்கள் தம் வளாகத்துக்குள்ளேயே மன்றம் நடத்துகின்றன. அங்கே மேலாளரை மதிப்பிட வேண்டிய சங்கடம் உண்டு என்பதால், வெளியே பலதரப்பட்டவர்கள் கூடும் ஊர் மன்றம் கிடைத்தால் அதையே தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

பழைய முறையில் பத்து உரைகள் கொண்ட ஒரு கையேடு இருந்தது. அது 2020 ஜூன் மாதத்தோடு முற்றிலும் விடைபெற்று, ஐந்து நிலைகள் கொண்ட பாத்வேஸ் பாதைகள் இணையவழியில் அந்த இடத்துக்கு வந்துவிட்டன. பாதை முழுவதையும் முடித்துப் பட்டயம் வாங்க வேண்டும் என்ற வேகம் பலரிடம் தெரிகிறது. எனக்கு அதில் பெரிய ஈடுபாடு இல்லை. முதல் இரண்டு நிலைகளைப் பொறுமையாகச் செய்து, அதே காலத்தில் வாய்ப்புக் கிடைக்கும்போதெல்லாம் மதிப்பீட்டாளராக எழுந்து நிற்பவர் அடையும் பயனை, ஐந்து நிலைகளையும் ஓடி முடித்தவர் அடைவதாக நான் நினைக்கவில்லை.

பெரும்பாலான மன்றங்கள் விருந்தினரைக் கட்டணமின்றி அனுமதிக்கின்றன. ஆசிரியர் இல்லாத அமைப்பு என்பதால் ஒரே பெயர்ப்பலகையின் கீழ் மிக நல்ல மன்றமும் மிகச் சுமாரான மன்றமும் இருக்கும், ஆகவே சேர்வதற்கு முன் இரண்டு மூன்று மன்றங்களையாவது போய்ப் பார்ப்பது அவசியம். பார்க்கும்போது உரைகளின் தரத்தை வைத்து முடிவெடுக்காதீர்கள். அன்று யார் பேசுகிறார் என்பதைப் பொறுத்து அது மாறும். மதிப்பீட்டுப் பகுதிக்கு வரும் வரை இருங்கள். மதிப்பீட்டாளர் உரையிலிருந்து வாக்கியங்களை எடுத்துச் சொல்கிறாரா, அல்லது எந்த உரைக்கும் பொருந்தும் பாராட்டைப் படிக்கிறாரா? குறை சொல்லப்படும்போது உரையாற்றியவர் எப்படி உட்கார்ந்திருக்கிறார்? கூட்டம் முடிந்து தேநீர் வேளையில் உறுப்பினர்கள் உங்களிடம் தங்கள் மன்றத்தின் விருதுகளைப் பற்றிச் சொல்கிறார்களா, உங்களைப் பற்றிக் கேட்கிறார்களா? இந்த மூன்றுக்கும் கிடைக்கும் விடை போதும். பிடித்துவிட்டால், கட்டணம் புதுப்பிக்கப்படும் ஏப்ரல் அல்லது அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியதில்லை; புதிய உறுப்பினர் இடையில் எந்த மாதம் சேர்ந்தாலும் அந்த ஆறு மாதத்தில் மிச்சமிருக்கும் மாதங்களுக்கு உரிய தொகையை மட்டும் செலுத்தினால் போதும்.